முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்

அக்டோபர் 4, சனி

“கை நேரா இருக்கணும்னு சொல்லுதாங்களே, எத வச்சும்மா நேருன்னு சொல்லுதாங்க?” என்று தாமிரா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் இதை ஒப்புக்கொள்வது சிரமம்தான். வகுப்பாக இருந்தால் ஒளி செல்லும் பாதை நேர் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் வகுப்பில் இல்லை, சமையலறை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

நேற்று தூத்துக்குடி கிரிக்கெட் ஆட்டத்தில் நடுவர் அவள்மேல் புகார் எழுதிவிட்டார். அவள் பந்து வீசவில்லையாம், எறிகிறாளாம். விதி இதுதான்: வீசுகிறவரின் முழங்கை மடங்கியிருக்கலாம், ஆனால் கை சுழன்று மேலே வரும்போது அந்த மடிப்பைப் பதினைந்து பாகைக்கு மேல் நிமிர்த்தக் கூடாது. தாமிராவின் வலது முழங்கை முழுதாக நீள்வதே இல்லை. ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது என்பது எங்கள் வீட்டில் வழங்கும் விவரம். நீளாத கையை எப்படி நிமிர்த்துவாள் என்று அவள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் அவளுடைய உணர்ச்சி அதற்கு ஆதாரம் ஆகாது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் கலைச்சொல் குழு. அறிவியல் அகராதியின் முதல் தொகுதிக்குச் சொற்களைப் பங்கிட்டார்கள். எனக்கு வந்த முதல் சொல் ‘அபெரேஷன்’. வழக்கத்திலிருந்து, எதிர்பார்த்த பாதையிலிருந்து விலகிப்போவது. ஒளியியல், வானியல், உயிரியல், உளவியல் என்று துறைக்கு ஒரு பொருள்.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி துவைத்தேன். மாடிக் கொடியைச் சற்று இறக்கிக் கட்டச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இவர் காதில் ஏறவில்லை.

தீபாவளிப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். ரஹ்மத் அக்காவுக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

“இந்த வெயிலுக்குக் கொஞ்சம் கைய ஏத்தித் தைக்கட்டாம்மா? இப்ப யாரு இவ்வளவு நீளமா போடுதா?”

“முழங்கைக்குக் கீழே இரண்டு விரல். இறுக்கமாக.”

“அதான பாத்தேன்” என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

தாமிராவின் பயிற்சியாளர் செல்வின் சார் வீட்டுக்கு வந்தார். மைதானத்தில் கத்திக் கத்திக் குரல் வீணாகிப்போன மனிதர், மெதுவாகப் பேசினாலும் கத்துவது போலிருக்கும்.

“மேடம், ஒண்ணும் பயப்படாதீங்க. சென்னையில டெஸ்ட் இருக்கு. கையில பாசிமணி மாதிரி ஒட்டி, சுத்திலும் கேமரா வச்சு, எத்தன பாகை நிமிருதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிரும். அடுத்த வாரம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிட்டேன். பாஸ் ஆனா இருபத்தஞ்சாம் தேதி செலக்‌ஷன் மேட்ச் ஆடலாம். இல்லன்னா...”

“இல்லன்னா?”

“அண்டர் நைன்டீன் இந்த வருசத்தோட சரி மேடம். அடுத்த வருசம் வயசு தாண்டிரும்.”

இவர் இடையில் புகுந்தார். மோட்டார் பம்பு விற்கிறவர், எதையும் ரிப்பேராகத்தான் பார்ப்பார். “அந்த அம்பயருக்கு மொதல்ல ஒரு டெஸ்ட் வைங்க சார். கண்ணு டெஸ்ட்டு.”

தாமிரா சிரித்தாள். மூன்று நாளில் முதல் தடவை. செல்வின் சார் புறப்படும்போது என்னிடம், “நீங்க ஒரு மேட்ச்சுக்கும் வந்ததில்லயே மேடம்” என்றார். சனிக்கிழமைகளில் குழுக் கூட்டம் என்றேன். குழு தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

விடைத்தாள் திருத்தி முடித்தேன். பிறகு அகராதி வேலை. முதல் வரைவு:

ஒளியியல்: வில்லை வழியே வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாமை.
வானியல்: பார்ப்பவர் நகர்வதால் விண்மீன் இடம் மாறித் தெரிதல்.
உளவியல்: வழக்கமான மனநிலையிலிருந்து தற்காலிக விலகல்.
உயிரியல்: அமைப்பில் காணும் இயல்பு மாற்றம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரலாம்.

கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன். அது பொருள் ஆகாது, கூடுதல் தகவல்.

அக்டோபர் 11, சனி

குழுவில் வாக்குவாதம். தலைவர் தாணுமூர்த்தி ஐயா ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல் போதும் என்கிறார்.

“‘வழு’ன்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுதுல்லா அம்மா?”

“வில்லை வழுவவில்லை ஐயா. அதன் வளைவுக்கு என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்கிறது.”

“அப்ப யாரு மேல தப்பு?”

“எல்லாக் கதிரும் ஒரே புள்ளிக்கு வரும் என்று நாம்தான் எதிர்பார்த்தோம்.”

“வில்லைக்கு வக்கீல் வச்சாச்சு” என்றார் தாவரவியல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். முடிவு எடுக்காமல் எழுந்தோம்.

திரும்பும்போது இவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சமாதானபுரம் தாண்டியதும் மழை. காற்று இல்லை, மழை செங்குத்தாகத்தான் இறங்கியது. ஆனால் வண்டி போகிற வேகத்தில் முகத்தில் சாய்வாக அடித்தது. சிக்னலில் நின்றதும் மறுபடி நேராக விழுந்தது. வானியல் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விண்மீன் எங்கும் போகவில்லை, பார்க்கிறவன் நிற்கும் இடம்தான் ஓடுகிறது.

நடுவர் ஒரு பக்கத்தில் நின்று, சுழலும் ஒரு மடிந்த கையைப் பார்க்கிறார். சுழலும்போது மடிப்பு ஒரு கோணத்தில் தெரியும், மறு கோணத்தில் மறையும். மறைந்ததை நிமிர்ந்தது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அளந்த பிறகுதான் மற்றது. தாமிராவிடம் தோசைக் கரண்டியை வளைத்துச் சுழற்றிக் காட்டினேன்.

“இத அந்த அம்பயர்ட்ட போயி காட்டும்மா” என்றாள்.

“இது ஆறுதல் இல்லை. இயற்பியல்.”

“தெரியும். நீ ஆறுதல் சொன்னா எனக்குத்தான் பயமாயிரும்.”

கரண்டி பழைய நிலைக்கு வரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ரவிக்கை வந்துவிட்டது. அளவு சரி.

அக்டோபர் 15, புதன், சென்னை

காலையில் எழும்பூரில் இறங்கி நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போனோம். நான், தாமிரா, செல்வின் சார். புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன். வெளியூர், புது இடம்.

கூடம் பெரியது. வாலிபால் ஆடலாம். நாலா பக்கமும் கேமராக்கள், நடுவே பாதி ஆடுகளம். மருத்துவர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண், வேகமாகப் பேசுகிறவர். பாசிமணி போன்ற உருண்டைகளைத் தாமிராவின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒட்டுவதற்காக நாடாவைக் கத்தரித்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

“இந்தக் கை எப்போதிலிருந்து இப்படி இருக்கு? அடிபட்டுதா?”

“ஏழு வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தேன் டாக்டர்” என்றாள் தாமிரா. தயங்காமல் சொன்னாள்.

மருத்துவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அப்படின்னா இன்னைக்கு முடியாது. பழைய முறிவு இருக்கற மூட்டுன்னா, வேகமா வீசும்போது எவ்வளவு விலகும்னு என்னால நம்பிக்கையாச் சொல்ல முடியாது. சின்ன வயசு முறிவு எக்ஸ்ரேயில தெரியாமலும் போகலாம். எலும்பு மருத்துவர் முழுசாப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த மாசம் வாங்க.”

“அடுத்த மாசமா? செலக்‌ஷன் முடிஞ்சிருமே டாக்டர்!” செல்வின் சாரின் குரல் கூடத்தில் எதிரொலித்தது.

“எனக்கு வருத்தம்தான் சார். ஆனா விதி.”

தாமிரா அழவில்லை. அதுவரை ஒட்டியிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தானே உரிக்க ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கு முயற்சி செய்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

“அவள் விழுந்தது உண்மை” என்றேன். “கால்முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கை அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. பிறவியிலேயே.”

மருத்துவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இதற்காகப் பொய் சொல்லும் தாய்மார்களை அவர் பார்த்திருப்பார். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். “பிறவின்னா பெரும்பாலும் குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கும். யாருக்காவது இருக்கா?”

முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் வரை இறுக்கமாகத் தைத்த கையைச் சுருட்டி ஏற்ற முடியாது. முயன்று பார்த்தேன்.

“அந்தக் கத்தரிக்கோலைக் கொடுங்கள்” என்றேன்.

தையலோடு ஒட்டித் தோள்வரை வெட்டினேன். இடது கையால் வெட்டியதால் கோணல்மாணலாகப் போயிற்று. பிறகு வலது கையை, எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டினேன். கூடத்தில் செல்வின் சார் இருந்தார், கணினி பார்க்கும் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டார், மரியாதைக்காக. திருப்ப வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது.

மருத்துவர் கோணமானியை என் முழங்கையில் வைத்தார். பிறகு தாமிராவின் முழங்கையில். மறுபடி என் முழங்கையில். கையால் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிராது. என் அம்மா எண்ணெய் போட்டு வருடக்கணக்கில் முயன்றிருக்கிறாள்.

“அச்சு அசல்” என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே கோணம். இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டாம். வாம்மா, பாசிய மறுபடி ஒட்டலாம்.”

தாமிரா என்னைப் பார்த்தாள். “ரவிக்கை புதுசும்மா” என்றாள்.

மதியம்வரை வீசினாள். அவள் வீசி நான் பார்ப்பது இதுதான் முதல். நான்கு அடி மெதுவாக நடக்கிறாள், இரண்டு அடி துள்ளுகிறாள், பிறகு கை பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேல் வருகிறது. பந்து தரையில் பட்டதும் தான் போக வேண்டிய இடத்தை மறந்துவிட்டு உள்ளே திரும்புகிறது. கணினிக்காரர்களில் ஒருவர் ஒரு பந்துக்கு “அடேங்கப்பா” என்றார். அவர் அளக்க வந்தவர், ரசிக்க அல்ல. ஆகவே அதைக் குறித்துவைக்கிறேன்.

முடிவு பத்து நாளைக்குள் வரும்.

அக்டோபர் 16, வியாழன்

பகல் ரயில். செல்வின் சார் வேறு பெட்டி. சேலைத் தலைப்பைத் தோளில் சுற்றியிருந்தேன், குளிருக்காக. விருத்தாசலம் தாண்டியது. பிறகு நான் கேட்டேன்.

“உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?”

“எட்டாங் கிளாஸ்ல இருந்து.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. நீ மாடியில துணி காயப்போடும்போது பாத்தேன். எல்லாரும் கைய நீட்டி கிளிப் போடுவாங்க. நீ எக்குவ. நானும் எக்குதேன்.”

“அப்புறம் ஏன் டாக்டரிடம் சைக்கிள் என்று சொன்னாய்? தேர்வே போயிருக்குமே.”

“நீ சொல்லாதத நான் எப்படிம்மா சொல்ல?”

தேநீர்க்காரர் வந்தார். இரண்டு வாங்கினேன். அவளுக்குச் சர்க்கரை அதிகம் போடச் சொன்னேன். வழக்கமாக விடமாட்டேன்.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் தாமிராதான் சொன்னாள், நடித்துக்காட்டி. கத்தரிக்கோல் கட்டத்தில் கொஞ்சம் மிகை. அவள் தூங்கப் போன பிறகு இவரிடம், “உங்களுக்காவது நான் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்” என்றேன். பெண் பார்க்க வந்த அன்று என்னைக் காபித் தட்டோடு நிற்க வைத்தது என் அம்மாவின் யோசனை. தட்டு ஏந்துகிற எல்லோருக்கும் கை மடங்கித்தானே இருக்கும்.

இவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“வடிவு, காபிய நான் எடுத்துட்டு தட்டையும் வாங்கி எங்கம்மாட்ட கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள்.”

“தட்ட வாங்குன பெறவும் ஒரு கை மட்டும் அப்படியே நின்னுச்சு. அப்பவே தெரியும்.”

“ஒன்றும் சொல்லவில்லையே?”

“காபி நல்லா இருந்துச்சு.”

காலையில் எழுந்து மாடிக்குப் போனபோதுதான் கவனித்தேன், கொடி ஒரு சாண் இறங்கியிருந்தது. நாங்கள் சென்னையில் இருந்த அன்றே கட்டிவிட்டாராம். (இந்தக் கடைசி வரிகளை 17-ஆம் தேதி சேர்த்தேன்.)

அக்டோபர் 18, சனி

வெட்டிய ரவிக்கையை ரஹ்மத் அக்கா விரித்துப் பார்த்தார். “யாரும்மா இப்படிக் கொதறுனா?”

“நான்தான்.”

“கையைச் சேத்துத் தைக்கவா? துணி மிச்சம் இருக்கு.”

“வேண்டாம். இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்துவிடுங்கள்.”

என்னையும் ரவிக்கையையும் மாறிமாறிப் பார்த்தார். “தீவாளிக்குள்ள வேணுமா?” என்று மட்டும் கேட்டார். நல்ல பெண்மணி.

குழுவில் என் பதிவைக் கொடுத்தேன். ஒரே சொல் இல்லை, துறைக்குத் துறை வேறு. கூடவே ஒரு குறிப்பு: “எந்த விலகலைக் குறிக்கும் முன்னும், எந்தக் கோட்டிலிருந்து, அதை யார் வரைந்தது, பார்ப்பவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும்.” தாணுமூர்த்தி ஐயா பொருள்களை ஏற்றுக்கொண்டார். குறிப்பு அகராதிக்கு நீளம் என்று சிவப்புக் கோடு போட்டார். உயிரியலில், முன்பு அடித்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்திருந்தேன். அதை அவர் தொடவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

குட்டைக் கை. நாத்தனார் வந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள், தாமிராவின் கையைப் பார்த்தாள், “அப்ப சைக்கிள்?” என்றாள்.

“சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு அத்தை” என்றாள் தாமிரா.

“கல்யாணப் பேச்சு வரும்போது இதெல்லாம் கேப்பாங்களே?”

“கேட்கட்டும்” என்றேன். “நானே சொல்கிறேன்.”

அதிரசம் கொஞ்சம் கருகிவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

முடிவு வந்தது. நிமிர்வு விதிக்குள் இருக்கிறது, வெகுவாகவே உள்ளே. வீச்சு முறையானது. செல்வின் சார் தொலைபேசியில் கத்தியதைப் பக்கத்து வீட்டிலும் கேட்டிருப்பார்கள். இவர் அறிக்கையைப் பிரதி எடுத்துக் கடையில் ஒட்டப்போவதாகச் சொல்கிறார். கூடாது என்றேன். ஒட்டிவிடுவார்.

தாமிரா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. இரண்டு வளைந்த கைகளும் ஒன்றில் ஒன்று சரியாகப் பொருந்தின. இது உணர்ச்சி அல்ல, வடிவியல்.

நாளை தேர்வு ஆட்டம். நாளை சனிக்கிழமையும்கூட. அவள் என்னை வரச் சொல்லவில்லை. “உனக்கு மீட்டிங் இருக்கும்லா” என்றாள். இருக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்டோபர் 25, சனி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. மைதானத்துக்குப் பத்து மணிக்குப் போனேன். நிழல் இல்லை. கறுப்புப் புடவை கட்டிப்போனது தவறு.

ஏழாவது ஓவரைத் தாமிராவிடம் கொடுத்தார்கள். புகார் எழுதிய அதே நடுவர்தான் நின்றார். முதல் பந்து வெகு தூரம் விலகிப் போயிற்று. நடுவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில், மிக நேராக நீட்டினார். வைடு என்பதற்கு அதுதான் சைகையாம். தாமிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

அடுத்த பந்து உள்ளே திரும்பி நடுக் குச்சியைச் சாய்த்தது.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். பந்து வீசும் கையைத் தூக்கிக் காட்டினாள். நானும் என் வலது கையைத் தூக்கினேன், அது எவ்வளவு நீளுமோ அவ்வளவு. இறக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர், வேறு யாருடைய தகப்பனாரோ, கேட்டார்: “அந்தக் கை வளைஞ்ச புள்ள யாரு வீட்டுப் புள்ள?”

“எங்க வீட்டுப் புள்ள” என்றேன். “கையும் எங்க வீட்டுதுதான்.”

மூன்று விக்கெட். மாலையில் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயரும் இருந்தது.